கம்பி லாரியின் சிவப்புத் துணி

மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்ப் பாலத்துச் சுவரில் முட்டிய கார், ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி நின்று மறுபடியும் ஓட ஆரம்பித்ததைப் பார்த்த அன்றுதான் என் முதல் புகாரை எழுதினேன். சுவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டியவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று விநாடி இழப்பு என்று திரையில் எழுத்து வந்தது, அவ்வளவுதான்.

நான் பெரிய விளையாட்டுக்காரன் இல்லை. பெயர் அர்த்தநாரி, வயது நாற்பத்தாறு, சங்ககிரியில் லாரிகளுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அரை மணி நேரம் 'ஏழாம் கியர்' என்ற வண்டி ஓட்டும் விளையாட்டை ஆடுவேன். உடைக்கப் போட்ட லாரி ஒன்றின் டிரைவர் சீட்டைக் கழற்றி வந்து அங்கே போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து, விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் உலகம் மறந்துபோகும். என்னைப் போல ஆடுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் 'சாதா ஆட்டக்காரர்'. தோசைக்கு வைக்கிற பெயரை எனக்கு வைத்திருக்கிறார்களே என்று அதற்கே தனியாக ஒரு புகார் எழுதலாம் என்றிருந்தேன்.

அந்த அரை மணி நேரத்தையாவது நிம்மதியாக ஆடவிட்டார்களா? நாளெல்லாம் வண்டிக்கு அடியில் கிடக்கிறவனால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எந்த வண்டியிலும் டயர் தேயாது. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தாலும் டிரம் சூடாகாது. மழை கொட்டும், வைப்பர் ஓடாது, ஆனால் கண்ணாடி மட்டும் துடைத்துவைத்தது போல இருக்கும். சாலையில் ஒரு பள்ளம் கிடையாது, ஒரு ஆடு குறுக்கே வராது, ராங் சைடில் ஒரு மொபெட் வராது. இது எந்த ஊர்ச் சாலை? யாரை ஏமாற்றுகிறார்கள்? எனக்கு வயிறு எரியும். உடனே உட்கார்ந்து எழுதிவிடுவேன்.

என் மனைவி சாந்தாமணிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. கடையின் வரவு செலவெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். பொம்மைக் காருக்கு டயர் தேயவில்லை என்று ஒரு மனிதன் அழுவதைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று வருகிற டிரைவர்களிடமெல்லாம் சொல்லுவாள். ஒரு நாள் என்னிடமே கேட்டாள்: "ஏனுங்க, நம்ம கடை முன்னால நெசமாலுமே ஒரு பள்ளம் கெடக்குதே, அதுக்கு ஒரு வரி எழுதியிருப்பீங்களா?" எழுதியதில்லை. ஆனால் நான் அந்தப் பள்ளத்துக்குக் காசு கொடுக்கவில்லையே என்று சமாளித்தேன்.

எழுதிய ஒவ்வொரு புகாருக்கும் ஒரே பதில்தான் வரும். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். நாற்பத்திரண்டு புகார்களுக்கு நாற்பத்திரண்டு முறை இதே வாக்கியம் வந்தது. ஒரு எழுத்தையாவது மாற்றிப் போட்டிருந்தால் யாரோ படித்தார்கள் என்று மனம் ஆறியிருக்கும்.

பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து மிருதுளா என்ற பெண் போன் செய்தாள். அந்தக் கம்பெனியில் ஆட்டக்காரர்களின் புகார்களைப் பார்ப்பது அவள்தானாம். அதிகமாகப் புகார் எழுதிய நூறு பேரைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதாகவும் அதில் நான்தான் முதல் ஆள் என்றும் சொன்னாள். 'நிஜத்தடம்' என்று ஒன்று கொண்டுவருகிறார்களாம்.

"இப்ப எல்லா வண்டியிலயும் பதிவுப் பெட்டி கட்டாயம் ஆயிடுச்சு இல்லையா சார். ஸ்பீடு, பிரேக், ஸ்டியரிங், சுத்தி நூறு மீட்டருக்கு என்னென்ன பொருள் இருந்துது, அதோட உருவம், எல்லாம் அதுல பதிவாகும். ஒரு விபத்து நடந்தா அந்தப் பதிவு சேமிப்புக்குப் போகும். அதை நாங்க வாங்கறோம். ஒவ்வொரு விபத்தும் ஒரு தடம். அதே ரோடு, அதே பனி, அதே வண்டி. பேரு மட்டும் எடுத்துடுவோம்" என்றாள்.

அந்த விபத்துகளில் செத்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று நான் கேட்கவில்லை. பிரேக் சூடாகுமா என்றுதான் கேட்டேன். ஆகும் சார் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நிஜத்தடம் வந்ததும் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் கனத்தது. லோடு வண்டி வளைவில் சாய்ந்தது. தேய்ந்த டயர் ஈரத்தில் வழுக்கியது. ஒரு நாளைக்கு ஒரு தடம் என்று முப்பது தடங்களை ஆடி முடித்தேன். பாதித் தடங்களில் மோதினேன், மீதியில் தப்பினேன். ஒரு புகாரும் எழுதவில்லை. சாந்தாமணி எனக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கேட்டாள்.

முப்பத்தொன்றாவது தடம் ஒரு பைபாஸ் சாலை. பனி மூடிய விடிகாலை. என் கையில் ஆள் ஏற்றிப் போகிற ஒரு வேன். ஐம்பத்தைந்தில்தான் போனேன். சாலை லேசாக இடப்பக்கம் திரும்பிய இடத்தில் பனிக்குள்ளிருந்து ஒன்றுமே வரவில்லை. அடுத்த கணம் இடப்பக்கக் கண்ணாடியைப் பிளந்துகொண்டு கம்பிகள் உள்ளே வந்தன. கட்டடம் கட்டுகிற முறுக்குக் கம்பி. லாரிக்குப் பின்னால் எட்டடி நீட்டிக்கொண்டிருந்தது. லாரி நடுச் சாலையில் நின்றுகொண்டிருந்தது, பின் விளக்கு எரியவில்லை, கம்பியின் நுனியில் துணியும் இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சங்ககிரியில் கம்பி லோடு பார்க்காத நாள் கிடையாது. லோடு ஏற்றுகிறவர்கள் கயிறு இறுக்கி முடித்ததும் கடைசி வேலையாக நுனியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி கிடைக்காவிட்டால் கட்டியிருக்கிற துண்டைக் கிழித்தாவது கட்டுவார்கள். இது தெரியாத எவனோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்த வேலை என்று நினைத்தேன். இரண்டாவது முறை ஆடக்கூட இல்லை. நாற்பத்து மூன்றாவது புகாரை எழுதினேன்:

'ஐயா, முப்பத்தொன்றாவது தடத்தில் கம்பி ஏற்றிய லாரியைத் துணியும் விளக்கும் இல்லாமல் நடுச் சாலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். இப்படி ஒரு லாரி உலகத்தில் இருக்க முடியாது. எங்கள் ஊரில் கம்பி ஏற்றுகிற எவனும் சிவப்புத் துணி கட்டாமல் வண்டியை வெளியே விடமாட்டான். நான் இருபத்தாறு வருடமாக லைசென்ஸ் வைத்திருப்பவன். என்னால் நிறுத்த முடியாத இடத்தில் எவனாலும் நிறுத்த முடியாது. ஆகவே தப்பு உங்கள் விளையாட்டில் இருக்கிறது, ஓட்டியவனிடம் இல்லை. நான் மோதிய பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.'

மூன்றாம் நாள் மிருதுளாவே கூப்பிட்டாள். சரி செய்துவிட்டோம் சார், ஆடிப் பாருங்கள் என்றாள். ஆடினேன். பனிக்குள் முதலில் சிவப்பாக ஏதோ அசைந்தது. பிரேக்கை மிதித்தேன். நாற்பதடி மிச்சம் வைத்து வேன் நின்றது. கம்பி நுனியில் ஒரு முழத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டீக்கடையில் பத்துப் பேருக்குச் சொன்னேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து, லாரி ஒன்றின் முன் அச்சை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அர்த்தநாரி என்பது நான்தானா என்று கேட்டுவிட்டு, தன் பெயர் கோகிலவாணி என்றும் ஒரு மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். இப்போது ஓட்டவில்லை என்றாள். சாந்தாமணி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குக் கை எண்ணெயைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. போன வருடம் மார்கழியில் ஒரு விடிகாலை, பைபாஸில் நின்ற லாரியின் பின்னால் அவள் வேன் மோதியிருக்கிறது. முன் சீட்டில் அவள் தம்பி நவநீதன். அதே மில்லில் பிட்டர். அந்த இடத்திலேயே போய்விட்டான். கவனமில்லாமல் ஓட்டி உயிரைப் பறித்ததாக அவள் மேல் வழக்கு. லாரிக்காரன் துணி கட்டியிருந்ததாகச் சாட்சி சொல்லிவிட்டான். இப்போது கோர்ட்டில் 'ஒப்பு ஓட்டம்' என்று ஒரு புது வழக்கம் வந்திருக்கிறதாம். அதே சூழ்நிலையில் சாதாரண மனிதர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை நிபுணர் சொல்ல வேண்டியதில்லை, விளையாட்டு ஆடியவர்களின் கணக்கே சொல்லிவிடும். பெட்டியின் மூலப் பதிவை யாரும் தனியாகப் பார்க்கவில்லையாம், அதிலிருந்து செய்த தடமே போதும் என்று விட்டுவிட்டார்களாம். பந்தய வீரர்களை எடுக்கமாட்டார்கள், சாதா ஆட்டக்காரர்களை மட்டும்தான் எடுப்பார்கள். முப்பத்தொன்றாவது தடத்தை ஆடிய பதினோராயிரம் பேரில் ஒன்பதாயிரத்து எண்ணூறு பேர் மோதாமல் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரே ஒரு ஆளின் ஓட்டத்தை, படமாக இல்லாமல் வேகமும் பிரேக்கும் மட்டும் போட்ட காகிதமாக, கோர்ட்டில் கொடுத்தார்களாம். சங்ககிரி அர்த்தநாரி, வாகனத் தொழிலில் இருப்பவர்.

உறையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் முன் வைத்தாள். என் பெயர், பக்கத்தில் அந்த நட்சத்திரம்.

"சண்டைக்கு வரலீங்ண்ணா" என்றாள். "ஜெயிலுக்குப் போகோணும்னா போறன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோணும். ஒம்பதாயிரம் பேரு நிறுத்தியிருக்காங்க, நான் மட்டும் நிறுத்தலை. நெதம் அந்த எடத்தையே நெனச்சுப் பாக்கறன், ஒண்ணுமே தட்டுப்பட மாட்டீங்குது. நீங்க எப்படிங்ண்ணா நிறுத்துனீங்க? எதைப் பாத்து பிரேக்கை மிதிச்சீங்க?"

"துணியப் பாத்துத்தான் அம்மிணி" என்றேன். "செவப்புத் துணி."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "துணி இல்லீங்களே" என்றாள்.

சாந்தாமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். துணி கட்டியது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆனால் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "அப்போ நான் சரியாத்தான் பாத்திருக்கறன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

அவள் போனதும் மிருதுளாவைக் கூப்பிட்டேன். அந்த வேனின் பதிவில் துணி இருந்ததா இல்லையா என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பதிவுல இல்ல சார். இருந்திருந்தா அதோட உருவமும் வந்திருக்கும். அது நீங்க சொன்னதுக்கு அப்புறம் நாங்க சேர்த்தது."

"பதிவுல இல்லாததை எதுக்குங்க சேர்த்தீங்க?"

"துணி இல்லாம இருக்கறது நிஜம் மாதிரி இல்லைன்னு நீங்கதானே சார் எழுதினீங்க?"

கத்தினேன். ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்புகிறீர்களே, இதைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள் என்று கத்தினேன். அவள் பொறுமையாகத்தான் பேசினாள். அவர்கள் அதைக் கோர்ட்டுக்காகச் செய்யவில்லையாம். கேட்டார்கள், இப்போது இருக்கிற தடத்தைக் கொடுத்தார்களாம். பழைய தடம் இருக்கிறதா என்பதைச் சட்டப் பிரிவில்தான் கேட்க வேண்டுமாம். சரி, முதலில் மோதியவர்களின் ஓட்டங்களாவது இருக்குமே என்றேன். இருக்காது என்றாள். பந்தய விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் சிறந்த ஓட்டம் ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். அதைவிட நன்றாக ஆடினால் பழையது அழிந்து புதியது உட்கார்ந்துவிடும். எல்லா விளையாட்டிலும் அதுதான் முறை, எனக்கும் தெரிந்ததுதான். நான்கு முறை செத்து ஐந்தாவது முறை தப்பியவனும் அந்தப் பட்டியலில் தப்பியவன்தான். அதைக் கொண்டுபோய் ஒரே ஒரு முறை ஓட்டியவளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள், கணக்குப் படித்தவர்கள், இத்தனை பேரில் ஒருவனுக்கும் இது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

போனை வைக்கப் போனேன். மிருதுளா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க நாப்பத்து மூணாவது புகார் உங்ககிட்ட இருக்கும்ல சார்? இணைப்போட?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

இருந்தது. சாந்தாமணி எதையும் அழிக்கவிடமாட்டாள். கோகிலவாணியின் வக்கீலிடம் கொடுத்தோம். அடுத்த மாதம் என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.

துணியில்லாத லாரியில் நான் மோதும் பதிவைச் சுவரில் போட்டார்கள். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அரசு வக்கீல் எழுந்து, இது விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் எழுதியதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்படி ஒரு லாரி உலகத்தில் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் அந்தப் பெண் சொல்வது பொய்தானே என்றார்.

"நான் எழுதுனது தப்புங்க. அப்படி ஒரு லாரி இருந்திருக்குது. நான்தான் நம்பல" என்றேன்.

நீதிபதி அம்மா அந்தப் புகாரை முழுதும் உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'என்னால் நிறுத்த முடியாத இடத்தில் எவனாலும் நிறுத்த முடியாது' என்று வந்தபோது கூசிப்போனேன். எவ்வளவு திமிர். அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்த வரியையும் என்றார். 'தப்பு உங்கள் விளையாட்டில் இருக்கிறது, ஓட்டியவனிடம் இல்லை.' அதை எழுதிக்கொண்டார்.

பழைய தடத்தைச் சட்டப் பிரிவில் கேட்கச் சொன்னவர்களுக்குக் கோர்ட் உத்தரவு போனதும் அது இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. விளையாட்டையே தொடாத முந்நூறு பேரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லாமல், ஆளுக்கு ஒரே ஒரு முறை ஓட்டவைத்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றேழு பேர் மோதினார்கள். மோதாத மூன்று பேரும் கியர் போடத் தெரியாமல் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தவர்கள். கோகிலவாணி விடுதலையானாள். கம்பெனி வருத்தம் தெரிவித்து ஒரு அறிக்கை விட்டது. பழைய தடத்தையே திரும்பப் போட்டு, அதற்குப் பக்கத்தில் 'மிகக் கடினம்' என்று எழுதிவைத்தார்கள். இதைவிடக் கேவலம் வேறு உண்டா?

தீர்ப்பு வந்து பத்து நாள் கழித்து அவள் மறுபடியும் கடைக்கு வந்தாள். சாந்தாமணி சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தத் தடத்தை ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். சாந்தாமணி கண்ணைக் காட்டினாள். சரி என்றேன்.

லாரி சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் பார்ப்பது எனக்குத் தெரிய வேண்டுமென்று எதிர்ச் சுவரில் படத்தைப் போட்டேன். வேன் கிளம்பியது. என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓட்டினாள். கியர் மாறுவதே தெரியவில்லை. அந்த வளைவுக்கு நெடுந்தூரம் முன்பே வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி நிறுத்தினாள். பனிக்குள் எங்கோ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், லாரி நின்றது. துணியில்லாத கம்பிகள் அவளைத் தொட முடியாத தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. வாகனம் பாதுகாப்பாக உள்ளது என்று எழுத்து வந்தது.

அவள் அதைப் படிக்கவில்லை. சுவரில் படம் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. வேனின் முன் சீட்டில் வந்து நின்றது.

"யாருமே இல்லீங்களே அண்ணா" என்றாள்.

அந்த வேனை நானும் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. டயர், டிரம், வைப்பர், ஆடு, பள்ளம், துணி என்று நாற்பத்து மூன்று குறை கண்டுபிடித்தேன். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஆறரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். வாசல்வரை போய் வழியனுப்பினோம்.

திரும்பி வந்ததும் கோபத்தோடு புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். 'ஐயா, முப்பத்தொன்றாவது தடத்தில் பக்கத்து சீட்டில் ஆளே இல்லை. இது எப்படி நிஜம் ஆகும்?' என்று அடித்தேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. இப்போதெல்லாம் அவர்கள் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள். மூன்றே நாளில் அந்த சீட்டில் ஒருவனை உட்காரவைத்துவிடுவார்கள்.

எழுதியதை அழித்தேன். உள்ளேயிருந்து சாந்தாமணி என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை என்றேன்.